கேட்டுவிட்டுக் கட்டிய அறை

"ஏனம்மிணி, மொளகா வறுக்கலாமுங்களா?"

கல்யாணமாகி அந்த ஊருக்குப் போன முதல் வாரத்தில், எதிர்வீட்டிலிருந்து தெருவைக் கடந்து வந்து என் வாசலில் நின்ற ஒரு பெண்மணி என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. பெயர் கேட்கவில்லை, எந்த ஊர்ப் பெண் என்று விசாரிக்கவில்லை. நேரே மிளகாய்தான். நான் திருதிருவென்று விழித்தேன்.

"யாரோட மிளகாய்ங்க?"

"என்ர ஊட்டு மொளகாதான் கண்ணு. கொழம்புத்தூளுக்கு வறுக்கோணும். காத்து உங்கூட்டுப் பக்கமா அடிக்குது, கண்ணெல்லாம் எரியும். அதான் ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு அடுப்பப் பத்த வெக்கலாம்னு வந்தேன்."

நான் ஆத்தூர்ப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் பக்கம் மிளகாய் வறுக்கிறவர்கள் வறுப்பார்கள், தும்முகிறவர்கள் தும்முவார்கள், தும்மி முடித்ததும் ஜன்னலில் நின்று நன்றாக நாலு வார்த்தை கேட்பார்கள், அத்தோடு விஷயம் முடிந்தது. தும்மலுக்கு முன்அனுமதி வாங்குகிற ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "வறுங்கக்கா" என்றேன். அவருக்கு அப்படியொரு சந்தோஷம். "கதவச் சாத்திக்க சாமி" என்று சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுக்குக் கேட்கப் போனார். எங்கள் தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் கேட்டு முடித்து அவர் அடுப்பைப் பற்ற வைத்தபோது உச்சி வெயில் வந்துவிட்டது.

திருச்செங்கோட்டுக்கும் சங்ககிரிக்கும் நடுவில், பஸ் நிற்கும் இடத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது அந்த ஊர். அங்கே நான் போன முதல் சில வருஷங்களில் எதிர்வீட்டு அக்கா கேட்காமல் செய்த காரியம் என்று எதையும் நான் பார்த்ததில்லை. முருங்கைக் கொம்பு நடும் முன் என்னைக் கூப்பிட்டு, "மத்தியானத்துல இதோட நெழல் உன்ர துணிக்கொடி மேல உழுகும். பரவால்லீங்களா?" என்றார். அது மரமாகி நிழல் விழ எத்தனை மாதமாகும் என்று நான் சிரித்தேன். பஸ்ஸில் ஏறும்போது படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "ஏறலாமுங்களா?" என்று கண்டக்டரைக் கேட்பார். "ஏறாம, பின்ன தள்ளிக்கிட்டு வரப்போறீங்களா?" என்று அந்த மனிதர் ஒரு நாள் எரிந்து விழுந்தார். அக்கா அதற்கும் சிரித்தபடியே ஏறினார். குமாரபாளையத்தில் ஜவுளிக்கடைக்குப் போனால், கடைக்காரர் சேலையை விரிக்க வரும்போது, "விரிச்சா மறுபடி மடிக்கோணுமல்ல. வேலைதானுங்களே, பரவால்லீங்களா?" என்பார். கூடப் போன எனக்கு மானம் போகும். "அக்கா, அவருக்கு அதுதான் பொழப்பு" என்பேன். "பொழப்புன்னாலும் கை வலிக்கும்ல அம்மிணி" என்பார்.

இந்தக் கேள்வியெல்லாம் ஒரு நடிப்பு, ஆமாம் என்ற பதில்தான் வரும் என்று தெரிந்து கேட்கிறார் என்று ஆரம்பத்தில் நினைத்தேன். ஒரு நாள் சோதித்தே பார்த்துவிட்டேன். என் மகளுக்குச் சளி கட்டி மூச்சு இழுத்துக்கொண்டிருந்த சமயம் அது. மிளகாய்க்கு வந்து நின்றார். "இன்னைக்கு வேண்டாம்க்கா" என்றேன். முகம் கொஞ்சமும் சுருங்கவில்லை. "வேண்டாம்னா வேண்டாந்தான், இதுல என்ன இருக்குது" என்று திரும்பிப் போனவர், சாயங்காலம் மிளகு ரசத்தோடு வந்தார், குழந்தைக்கு. அந்த வாரம் முழுக்க அந்த வீட்டில் மிளகாய் வாசமே இல்லை. நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், அன்றைக்குத்தான் எனக்கு அந்த மனுஷி மேல் ஆசை விழுந்தது. கேட்கத் தெரிந்தவர்கள் ஊரில் நிறையப் பேர் உண்டு. வேண்டாம் என்றால் அப்படியே எடுத்துக்கொள்கிறவர்கள் எங்கே இருக்கிறார்கள்?

அவர் வீட்டுக்காரர் போர்வெல் வண்டியில் டிரில்லர். திருச்செங்கோட்டுப் பக்கத்து ஆண்களில் பாதிப் பேர் அப்படித்தான், வண்டி எந்த மாநிலத்தில் பூமியைத் துளைக்கிறதோ அங்கே இருப்பார்கள். அந்த அண்ணன் மாரியம்மன் நோம்பிக்கு வருவார், தீபாவளிக்கு வருவார், வந்த வேகத்தில் கிளம்பிவிடுவார். வாய் பேசாத மனிதர். சத்தத்திலேயே வாழ்ந்ததாலோ என்னவோ, வீட்டில் உட்கார்ந்திருந்தால் அவர் இருப்பதே தெரியாது. மகளையும் கட்டிக்கொடுத்துவிட்டபின் அக்கா அந்த வீட்டில் தனியாகத்தான் இருந்தார்.

ஒரு மழைக்காலத்தில், வண்டியில் குழாய் சரிந்து அண்ணனுடைய வலது கால் மேல் விழுந்துவிட்டது. எங்கோ வடக்கே ஆஸ்பத்திரியில் கிடந்தார். அக்கா போய் இருந்து பார்த்துக்கொண்டு, கொஞ்சம் தேறியதும் திரும்பி வந்தார். கால் பிழைத்துவிட்டது, ஆனால் மடங்காது, படி ஏற முடியாது. இனி வண்டி வேலையும் இல்லை.

"அப்ப அண்ணன் இங்க வந்துருவாருங்களா?" என்று கேட்டேன்.

அக்கா முருங்கைக் கீரையை உருவிக்கொண்டே சொன்னார். "மொதலாளி அங்கத்திய ஷெட்டுலயே காவலுக்கு இருந்துக்கச் சொல்லீட்டாராமா. இவுரும் செரின்னுட்டாரு. ஊட்டுக்கு வந்தா அல்லாருக்கும் பாரம்ங்கறாரு. நம்மூட்டுப் படியும் அப்பிடித்தான் இருக்குது, நெட்டுக்குத்தா. கக்கூசு கொல்லைல, அதுக்கும் எறங்கோணும். எங்கிட்டுப் போயி உக்காருவாருன்னு அவுருக்கே பயமாயிருக்குது."

உருவிய கீரையை முறத்தில் ஒதுக்கினார். பிறகு, "ஒரு ரூமு கட்டோணும் அம்மிணி. கீழயே. உள்ளயே கக்கூசு, கதவு நல்லா அகலமா" என்றார்.

"அண்ணன் என்ன சொல்றாரு?"

"அவுரு என்ன சொல்லப் போறாரு" என்று சொல்லிவிட்டு, கீரையை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அறை கட்டுவதில் என்ன இருக்கிறது? எங்கள் ஊரில் அறை கட்டுவது என்றால் கொத்தனாருக்கு ஒரு போன், வாசலில் ஒரு லோடு செங்கல், பூசணிக்காயைத் தொங்கவிட்டால் வேலை ஆரம்பம். வீட்டை ஒட்டி அறை, மாடியில் அறை, தெரு வரைக்கும் போர்ட்டிகோ, எல்லாம் அப்படி வந்ததுதான். அக்கா கொத்தனாரைக் கூப்பிட்டார். அவர் டேப்பை விரித்து அளந்து, நாளைக்கே அஸ்திவாரத்துக்கு வாணம் தோண்டலாம் என்றார்.

"பஞ்சாயத்துல கேட்டாச்சுங்களா?" என்றார் அக்கா.

கொத்தனார் டேப்பைச் சுருட்டுவதை நிறுத்தினார். "என்னத்தைங்க கேக்கறது?"

"கட்டலாமான்னுதான்."

"உங்கூடு, உங்க எடம், உங்க செங்கல்லு. இதுல அவிய என்னுங்க சொல்றது?"

"ஊடு நம்முளுது, தெரு அவியளுதுங்களே. தண்ணி அவிய உடறாங்க, சாக்கடை அவிய தள்றாங்க. புதுசாக் கக்கூசு வெச்சா அந்தத் தண்ணி எங்கிட்டுப் போகும்னு அவியளுக்குத் தெரிய வேண்டாங்களா? ஒரு வார்த்தை கேட்டுப்போட்டாப் போச்சு."

கொத்தனார் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். ஊருக்குள் செய்தி பரவி, டீக்கடையில் இரண்டு நாள் இதுதான் பேச்சு. "எதுத்தவூட்டம்மா பூமாதேவிகிட்டயும் கையெழுத்து வாங்கியாரப் போகுதாமா" என்று என் வீட்டுக்காரர் வந்து சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு பஞ்சாயத்து ஆபீசுக்குத் துணைக்கு அக்கா என்னையே கூப்பிட்டார் பாருங்கள், அப்போது சிரிப்பு நின்றது.

ஆபீசில் இருந்தவர் நல்ல மனிதர். அக்கா விஷயத்தைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "ஒத்த ரூமுக்குங்களா? கட்டி முடிச்சதும் சொல்லுங்கம்மா, வீட்டு வரிய மாத்தி எழுத நாங்களே வாரோம்."

"கட்டறதுக்கு முன்னாடி கேக்கோணுமல்லுங்க?"

"கேக்கோணும்தான்" என்று இழுத்தார் அவர். சட்டம் இருக்கிறது என்பது அவருக்கும் தெரியும். ஆனால் அதைக் கேட்டுக்கொண்டு ஒரு ஆள் நேரில் வந்து நிற்பார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. கடைசியில் உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பத்திரம், பட்டா, வீட்டு வரி ரசீது, இன்ஜினியர் போட்ட பிளான் எல்லாம் வேண்டும், இடத்தை வந்து பார்த்த பிறகுதான் அனுமதி என்று சொன்னார். அக்கா ஒவ்வொன்றையும் விரல் மடக்கிக் கேட்டுக்கொண்டார். கிளம்பும்போது, "நாங்க போலாமுங்களா?" என்றும் கேட்டார். அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

திருச்செங்கோட்டில் பிளான் போட்டது ஒரு சின்னப் பெண், இன்ஜினியரிங் படித்து முடித்து அப்போதுதான் ஆபீஸ் போட்டிருந்தது. பக்கத்தில் இவ்வளவு இடம் விட வேண்டும், பின்னால் இவ்வளவு விட வேண்டும் என்று கம்ப்யூட்டரில் கோடு போட்டுக் காட்டியது. இடம் விட்டால் அறை சின்னதாகிவிடுமே என்று நான் முணுமுணுத்தேன். அக்காவுக்கு அந்த விதிமேல் அப்படியொரு பிரியம் வந்துவிட்டது. "பாரு அம்மிணி, பக்கத்தூட்டுக்குக் காத்தும் வெளிச்சமும் வேணும்னு எளுதியே வெச்சிருக்கறாங்க! நான் சொன்னா அல்லாரும் சிரிக்கறீங்க!" கதவை அகலமாகப் போடச் சொன்னார். வாசற்படிக்கு வேறு வழி உண்டா என்று கேட்டார். நெட்டுக்குத்துப் படிக்குப் பதிலாக வீட்டை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் சொந்த இடத்திலேயே சாய்தளம் போடலாம், தடியை ஊன்றிக்கொண்டே ஏறிவிடலாம் என்று அந்தப் பெண் சொன்னது. அக்கா அதன் கையைப் பிடித்து, "உன்ர கையி நல்லா இருக்கோணும் சாமி" என்றார். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்கப்புறம் அக்கா செய்ததை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு குலுங்கும். பிளான் காகிதத்தைத் தாம்பாளத்தில் வைத்து, வெற்றிலை பாக்கு, மஞ்சள், இரண்டு வாழைப்பழத்தோடு தெருவில் வீடு வீடாகக் கிளம்பிவிட்டார். பார்த்தவர்கள் எல்லாம் பத்திரிகை என்றே நினைத்தார்கள். ஒரு வீட்டில் குங்குமம் எடுத்துவந்து, "ஆருக்குக் கண்ணாலமுங்க? முகூர்த்தம் என்னைக்கு?" என்று கேட்டார்கள். "கண்ணாலமில்லீங்க, கக்கூசு" என்றார் அக்கா. பிளானை விரித்து, "இங்க செவுரு வருது. உங்க சன்னலுக்குக் காத்தத் தடுக்குமுங்களா?" என்று ஒவ்வொருவரிடமும் காட்டினார். எல்லாரும் சம்மதம் சொல்லி, வெற்றிலையையும் எடுத்துக்கொண்டார்கள். என் முறை வந்தபோது சிரித்துச் சிரித்து எனக்கு விக்கலே வந்துவிட்டது.

ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஓவர்சியர் இடத்தைப் பார்க்க வந்த அன்றுதான் வினை வந்தது. அவர் அக்காவின் வீட்டைச் சுற்றி அளந்தார், சரியாக இருக்கிறது என்றார். பிறகு முன்னால் வந்து வாசற்படியின் மேல் டேப்பை வைத்தவர், கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தார், மறுபடியும் படியைப் பார்த்தார்.

"ஏம்மா, உங்க இடம் இந்தச் செவுத்தோட முடியுது. படி முழுக்க ரோட்டுல இருக்கு. இதை எடுத்தாத்தான் அனுமதி தர முடியும்."

சொல்லிவிட்டு நிமிர்ந்து தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், தெருவுக்கே குளிர் எடுத்துவிட்டது. எங்கள் தெருவில் எல்லா வீட்டுப் படியும் ரோட்டில்தான். என் வீட்டில் அப்போதுதான் பளபளவென்று கிரானைட் படி போட்டிருந்தோம். மழை பெய்தால் அதில் நடப்பவர்கள் வழுக்கி விழுவார்கள், ஆனால் அழகென்றால் அப்படியோர் அழகு. மூலை வீட்டு மாமா, பஸ் கம்பெனியில் செக்கராக இருந்து ஓய்வு பெற்றவர், போர்ட்டிகோத் தூணையே ரோட்டில் ஊன்றியிருந்தார்.

ஓவர்சியர் ஜீப் கிளம்பியதுதான் தாமதம், தெருவே திரண்டுவிட்டது. "கேக்காமக் கட்டியிருந்தா ஒண்ணுமில்ல!" என்று நான்தான் முதலில் ஆரம்பித்தேன். பின்னே, கோபம் வராதா? சும்மா கிடந்த ஆபீசைத் தட்டி எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்து என் கிரானைட்டைக் காட்டிக் கொடுத்தாயிற்று! அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றார். "நான் அந்த ஓவர்சியரக் கேட்டேனுங்க. என்ர மனுவுக்குத்தான் வந்தாராமா, என்ர படி மட்டும் எடுத்தாப் போதும்னாரு. உங்குளுது ஒண்ணும் பண்ண மாட்டாங்க. நான் என்ர படிய இடிச்சுக்கறேன். செரிங்களா?"

ஒவ்வொருவராக முனகிக்கொண்டே சரி என்றார்கள். நானும் சொன்னேன். மூலை வீட்டு மாமா மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"முடியாது. இன்னைக்கு உன்ர படி போகும், நாளைக்கு என்ர தூணு போகும். மனுவ வாபஸ் வாங்கு. கட்டறதுன்னா கமுக்கமாக் கட்டிக்க, நாங்க ஆரும் வாய் தொறக்க மாட்டோம்."

"கமுக்கமாக் கட்ட எனக்கு வராதுங்க மாமா."

"அப்ப கட்ட வேண்டாம்."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கோ, இந்த ஒரு தடவையாவது இந்த மனுஷி எதிர்த்துப் பேசினால் தேவலை என்று இருந்தது. அவர், "செரிங்க மாமா, வேண்டாம்னா வேண்டாந்தான்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அப்போது என் கோபம் அப்படியே கட்சி மாறிவிட்டது. மாமா ஒருத்தர் வேண்டாம் என்றால் விட்டுவிடுவதா? அங்கே ஷெட்டில் அந்த மனிதர் மடங்காத காலோடு யாரோ வடிக்கிற சோற்றைத் தின்றுகொண்டு கிடக்கிறார். இங்கே ஒரு தூணுக்காக மாமா அவரைத் தடுக்கிறார். நான் போய்க் கத்தினேன். "ஆபீஸ்ல அனுமதி கொடுக்கிறேன்னுட்டாங்க. மாமா யாருக்கா குறுக்க?"

"தெருவுல இருக்கற மனுசன் அம்மிணி. நாளைக்கு இவுரு தடி ஊனிக்கிட்டு வெளிய வந்தா, முகம் பாத்துப் பேச ஆளு வேண்டாமா?" என்றார். கண் வீங்கியிருந்தது. நான் வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

கொத்தனார் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். வந்திறங்கிய மணலில் தெருநாய்கள் படுத்துக்கொண்டன. அக்கா வெளியே வரவே இல்லை. யார் வீட்டு வாசலிலும் வந்து எதையும் கேட்கவில்லை.

ஒரு காலை, நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். திடீரென்று தொண்டையில் ஏதோ பிடித்தது. கண் எரிந்தது. தும்மல் என்றால் தும்மல், கரண்டி கையிலிருந்து தெறித்துவிட்டது. வெளியே ஓடி வந்தால் தெரு மொத்தமும் தும்மிக்கொண்டிருக்கிறது. எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து மிளகாய் நெடி புகைந்து வருகிறது. கேட்காமல் வறுக்கிறார்! அந்த அக்கா!

முதலில் ஓடியது நானில்லை, மூலை வீட்டு மாமா. துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, ஆஸ்துமாக்காரர், பாதி வழியில் நின்று இருமி, மறுபடி ஓடினார். உள்ளே அக்கா வாணலி முன்னால் உட்கார்ந்திருந்தார். மிளகாய் கருகிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. கண்ணில் தண்ணீர் வழிந்தது, நெடியாலா வேறெதனாலா என்று சொல்ல முடியாது. நான் அடுப்பை அணைத்தேன்.

"ஏனம்மிணி, கேக்கவே இல்லியே?" என்றார் மாமா. கோபமாகக் கேட்கவில்லை. பயந்துபோய்க் கேட்டார்.

"மறந்துபோச்சுங்க மாமா" என்றார் அக்கா.

அதைக் கேட்டதும் அந்த மனிதர் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷமாக அவருடைய மூச்சுக்கு இழுப்பு வராமல் காத்தது இந்தக் கேள்விதான் என்று அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். இருமி முடித்து, மூக்கைச் சிந்தி, துண்டை உதறினார்.

"எந்திரி. அந்தக் கொத்தனானுக்குப் போன் போடு. படிய இடி, ரூமக் கட்டு, என்னமோ பண்ணு. ஆனா என்ர சாமி, இனிக் கேக்காம மட்டும் மொளகா வறுக்காத!"

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "அப்ப இடிக்கலாமுங்களா மாமா?"

"இடி, இடி!" என்று கத்திக்கொண்டே மாமா காற்றுக்காக வெளியே ஓடினார்.

படி போயிற்று, சாய்தளம் வந்தது. அனுமதிக் காகிதமும் வந்தது. அக்கா அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, குலசாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார். எங்கள் ஊரில் சட்டம் போட்டு மாட்டிய கட்டிட அனுமதி அது ஒன்றுதான். ஜல்லி கொட்டும் முன் கேட்டார், கலவை மெஷின் ஓட்டும் முன் கேட்டார். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் இருந்த வீட்டில், எந்த நேரத்தில் ஓட்டினால் தொந்தரவில்லை என்றும் விசாரித்தார். கொத்தனாருக்கே அந்தப் பழக்கம் தொற்றி, "செங்கல்லு எறக்கலாமுங்களா?" என்று எங்களைக் கேட்க ஆரம்பித்துவிட்டார். என் கிரானைட் படி மட்டும் ரோட்டிலேயே இருந்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. யாரும் வந்து அளக்கவில்லை, நானும் போய்க் கேட்கவில்லை. நான் அக்கா இல்லை.

மாரியம்மன் நோம்பிக்கு வந்துவிட்டுப் போகச் சொல்லி அக்கா அண்ணனுக்குப் போன் போட்டார். நோம்பி அன்று காலையில், அவர் வரும் நேரம் பார்த்துப் புது அறையில் பாலை அடுப்பில் ஏற்றினோம். தெருவே உள்ளே இருந்தது. காரிலிருந்து இறங்கிய அண்ணன் தடியோடு நின்று, படி இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு சாய்தளத்தைப் பார்த்தார். யாரும் கைகொடுக்கப் போகவில்லை. அக்கா கண்ணாலேயே எங்களைத் தடுத்து வைத்திருந்தார். அவர் மெதுவாக, தானாகவே ஏறி உள்ளே வந்தார். அகலமான கதவைத் தொட்டுப் பார்த்தார். கழிவறையை எட்டிப் பார்த்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி நின்றார்.

"இதெல்லாம் எப்பக் கட்டுன?"

அக்கா பால் பாத்திரத்தின் பக்கம் திரும்பிக்கொண்டார். மூலை வீட்டு மாமாதான் பொறுக்க மாட்டாமல் ஆரம்பித்தார். "எப்பக் கட்டுச்சாவா? பஞ்சாயத்துல கேட்டு, ஒன்றியத்துல கேட்டு, தெருவுல ஊடு ஊடாக் கேட்டு, என்னையக் கேட்டு..."

அண்ணன் திரும்பினார். அந்த மனிதர் அவ்வளவு பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "ஊர்ல அல்லாத்தையும் கேட்டிருக்கற. நான் அங்கயே இருந்துக்கறேன்னு சொன்னேனல்ல? என்னைய ஒரு வார்த்தை கேட்டியா புள்ள?"

கீரை உருவிக்கொண்டிருந்த அன்று அக்கா எழுந்து உள்ளே போனது ஏன் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். குரல் அத்தனை பேருக்கும் கேட்டது.

"இல்லீங்க. ஊர்ல ஆரு வேண்டாம்னாலும் அழுதுபோட்டு வுட்டுருவனுங்க. நீங்க வேண்டாம்னு சொன்னா என்னால வுட முடியாது. அதான் கேக்குல."

மாமா மூக்கை உறிஞ்சினார், அன்று மிளகாய் எதுவும் இல்லை. என் கண்ணிலிருந்து தண்ணீர் அதுபாட்டுக்கு வந்தது, நான் துடைக்கவும் இல்லை. அண்ணன் வெறும் தரையை, காலியாக இருந்த அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"கட்டலக் காணமே?"

"அதையாச்சும் உங்களைக் கேட்டு வாங்கலாம்னு இருக்கறனுங்க" என்றார் அக்கா.

அண்ணன் தடியை மூலையில் சாய்த்து வைத்தார். "அகலமாவே வாங்கு" என்றார்.

பெண்கள் பக்கமிருந்து எழுந்த சிரிப்பில் பால் பொங்கியதை யாரும் கவனிக்கவில்லை. அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தார். என்னைக் கேட்காமலேதான்.